வைஃபையில் 210, கேபிளில் 94: கேபிள் இழுத்தது வீண்தானா?

பின்னறைவாசி (கேள்வி)

வணக்கம். ரூட்டர் கூடத்தில் இருக்கிறது, நான் வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் கடைசி அறையில். நடுவில் இரண்டு சுவர். இவ்வளவு நாள் வைஃபையில்தான் ஓடியது. வேகத்தைக் குறை சொல்ல முடியாது, 300 எம்பிபிஎஸ் பிளானில் 210 வரை வரும். ஆனால் வீடியோ மீட்டிங்கில் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை என் முகம் உறைந்துவிடும், அதுவும் சரியாக வாய் பாதி திறந்திருக்கும்போது. "கேட்குதா, கேட்குதா" என்று கேட்டே எனக்கு அலுத்துவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை துணிந்து 20 மீட்டர் கேட்6 ரக நெட்வொர்க் கேபிள் இழுத்தேன். சுவரில் இருந்த ஓட்டை சின்னது, பிளக்கோடு கேபிள் நுழையாது. அதனால் வெறும் கேபிளை இழுத்துவிட்டு, கிரிம்பிங் டூல் (கம்பிகளில் பிளக்கை அழுத்திப் பொருத்தும் இடுக்கி) இரவல் வாங்கி இரண்டு பக்கமும் ஆர்ஜே45 என்கிற நெட்வொர்க் பிளக்கை நானே அடித்தேன். செருகியதும் விளக்கு எரிந்தது, இன்டர்நெட்டும் வந்தது. பெருமையாக எல்லோரையும் கூப்பிட்டு ஸ்பீடு டெஸ்ட் போட்டுக் காட்டினேன். 94. மறுபடி, 94. மூன்றாவது முறை 93.8. "இதுக்கா நாள் முழுக்க ஏணியில நின்னே?" என்று கேட்டுவிட்டுக் கலைந்துவிட்டார்கள்.

கேபிளை விட வைஃபை வேகமாக இருக்க முடியுமா? எங்கே தப்பு செய்தேன்?

மின்னல்வேகம்

கேட்6 எல்லாம் பழசு. கேட்8 வாங்கி மாற்றிவிடுங்கள், பறக்கும்.

எட்டுக்கம்பி

கேட்8 வேண்டவே வேண்டாம். அது டேட்டா சென்டரில் 30 மீட்டருக்குள் ஓட்டுவதற்கு வந்தது. சாதாரண கேட்5இ கேபிளே 1 ஜிகாபிட்டை (1000 எம்பிபிஎஸ்) 100 மீட்டர் வரை கொண்டுபோய்ச் சேர்க்கும்.

பின்னறைவாசி, துப்பு உங்கள் பதிவிலேயே இருக்கிறது. வேகம் 60, 120, 80 என்று ஏறி இறங்கினால் எங்கெங்கோ தேட வேண்டியிருக்கும். அசையாமல் 94-இல் நிற்கிறது என்றால் இணைப்பே 100 எம்பிபிஎஸ்ஸில் ஏற்பட்டிருக்கிறது. தரவோடு போகிற முகவரி, கட்டுப்பாட்டுச் சுமையெல்லாம் கழித்தால் கையில் நிற்பது 94 சொச்சம்தான். விண்டோஸ் செட்டிங்ஸில் ஈதர்நெட் (கேபிள் இணைப்பு) பக்கத்துக்குப் போய் 'லிங்க் ஸ்பீடு' பாருங்கள், 100/100 என்று இருக்கும்.

கேபிளுக்குள் 8 கம்பிகள், 4 ஜோடி. 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இரண்டு ஜோடி போதும்: 1, 2, 3, 6 பின்கள். ஜிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். நீலம் அல்லது பழுப்பு ஜோடியில் ஒரே ஒரு கம்பி சரியாகத் தொடாவிட்டாலும், பெரும்பாலான நெட்வொர்க் கார்டுகள் ஜிகாபிட்டுக்கு முயன்று பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். விளக்கும் எரியும், இன்டர்நெட்டும் வரும். நானே இதில் ஒரு வாரம் ஏமாந்திருக்கிறேன்.

ஆனால் அவசரப்பட்டு பிளக்கை வெட்டிவிடாதீர்கள். சில ரூட்டர்களில் போர்ட்டே 100 எம்பிபிஎஸ்தான். ரூட்டரோடு பெட்டியில் வந்த குட்டிக் கேபிள் இருக்குமே, கம்ப்யூட்டரை ரூட்டர் பக்கத்துக்குத் தூக்கிப் போய் அதைச் செருகிப் பாருங்கள். அதிலும் 100 என்றால் கேபிள்மேல் பழி இல்லை.

பின்னறைவாசி

தூக்கிக்கொண்டு போனேன் (முதுகு இன்னும் வலிக்கிறது). குட்டிக் கேபிளில் 1000/1000! அப்படியென்றால் குற்றவாளி என் கைவேலைதான்.

போன் டார்ச்சை அடித்து பிளக்குகளின் முகப்பைப் பார்த்தேன். ரூட்டர் பக்கத்து பிளக்கில் எட்டு செம்புப் புள்ளிகளும் வரிசையாக மின்னுகின்றன. கம்ப்யூட்டர் பக்கத்தில் ஏழுதான். எட்டாவது, பழுப்பு, இரண்டு மில்லிமீட்டர் பின்னாலேயே நின்றுவிட்டது. மற்ற கம்பிகளை விட அதைக் குட்டையாக வெட்டியிருக்கிறேன்.

அடுத்த பிளக்கை அடிப்பதற்கு முன் கவனிக்க வேண்டியது ஏதாவது உண்டா?

எட்டுக்கம்பி

கம்பிகளைத் தனித்தனியாக வெட்டக் கூடாது. எட்டையும் விரலால் நீவி நேராக்கி, நிற வரிசைப்படி பக்கம் பக்கமாக அழுத்திப் பிடித்து, ஒரே வெட்டாக வெட்டுங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருப்பது ஒன்றேகால் சென்டிமீட்டருக்கு மேல் போக வேண்டாம். முறுக்கை அதிகம் பிரித்தால் ஒரு ஜோடியின் சிக்னல் இன்னொன்றில் ஏறும். மேலுறையும் பிளக்குக்குள் கொஞ்சம் நுழைந்து கவ்வப்பட வேண்டும், இல்லையென்றால் இழுவை முழுக்கக் கம்பிகள்மேல் விழும். டூலை அழுத்தும் முன்னால் அதே டார்ச் சோதனை. அழுத்திய பிறகு பார்த்து ஒரு பிரயோஜனமும் இல்லை, அந்த பிளக் குப்பைதான்.

பின்னறைவாசி

ஒரு பிளக் வீண், இரண்டாவதில் அமைந்தது. 1000/1000. ஸ்பீடு டெஸ்ட் 287. அதைவிட எனக்குப் பிடித்தது பிங், அதாவது ஒரு சின்னத் தகவல் போய்த் திரும்பிவர ஆகும் நேரம். வைஃபையில் ரூட்டருக்கு பிங் போட்டால் 3, 4, 2 என்று வந்துகொண்டிருக்கும், திடீரென்று 180-க்குத் தாவும். இப்போது பத்து நிமிடம் ஓடவிட்டேன், ஒரு தடவைகூட 1 மில்லிசெகண்டைத் தாண்டவில்லை. முகம் உறைந்தது அந்தத் தாவலால்தான் போல.

ஒரு சங்கடம். இந்தக் கம்ப்யூட்டர் வழியாகப் பகிர்ந்திருந்த பிரின்டரை வீட்டில் வேறு யாராலும் இப்போது திறக்க முடியவில்லை. போனிலிருந்து போட்டோ வந்து சேரும் ஃபோல்டரும் அப்படியே. வைஃபையை அணைத்துவிட்டேன், அதனாலா?

ராத்திரிக்காவல்

அணைத்ததில் தப்பில்லை. அணைக்காவிட்டாலும் இரண்டும் இருந்தால் விண்டோஸ் வழக்கமாகக் கேபிளைத்தான் எடுக்கும்.

இரண்டு இடம் பாருங்கள். கேபிள் இணைப்பு விண்டோஸுக்குப் புது நெட்வொர்க், அதனால் 'பப்ளிக்' என்று வைத்திருக்கும், பகிர்வு அடைபட்டுவிடும். ஈதர்நெட் பக்கத்தில் 'பிரைவேட்' ஆக்குங்கள். அப்புறம், ரூட்டரில் இந்தக் கம்ப்யூட்டருக்கு நிரந்தர ஐபி (நெட்வொர்க்கில் அதன் முகவரி எண்) ஒதுக்கியிருந்தால் அது வைஃபை கார்டின் மேக் முகவரிக்கு, அதாவது அந்தக் கார்டுக்கே உரிய அடையாள எண்ணுக்குப் போட்டது. ஈதர்நெட்டுக்கு மேக் முகவரி வேறு. அதைக் கொடுத்துத் திரும்ப ஒதுக்க வேண்டும்.

பின்னறைவாசி

இரண்டுமேதான். பிரின்டர் திரும்பிவிட்டது, போட்டோவும் வந்து விழுகிறது. இன்று காலை மீட்டிங்கில் ஒரு முகம் உறைந்தது. வாய் பாதி திறந்தபடி. என்னுடையது இல்லை, எங்கள் மேனேஜருடையது.