பாலோமரின் பழைய தட்டில் காணாமற்போன விண்மீன்

பெரிய வானாய்வகங்களைப் பற்றி இணையத்தில் தேடத் தொடங்கிய நாட்களில், கலிபோர்னியாவின் பாலோமர் மலையைக் குறித்து எனக்குக் கிடைத்தவையெல்லாம் வெண்ணிறக் குவிமாடத்தின் படங்களும், பார்வையாளர் நேரமும், 200 அங்குல ஹேல் தொலைநோக்கியின் வரலாற்றுச் சுருக்கமும்தாம். அங்குள்ள 48 அங்குல ஷ்மிட் தொலைநோக்கி 1949 முதல் 1950களின் இறுதிவரை வானத்தைப் பகுதி பகுதியாகக் கண்ணாடித் தட்டுகளில் பதிவு செய்தது என்பதையும், அத்தட்டுகளைப் பால்டிமோரிலுள்ள விண்வெளித் தொலைநோக்கி அறிவியல் நிறுவனம் மின்னணுப் படங்களாக்கி எவரும் கட்டணமின்றிப் பார்க்கும்படி வைத்திருக்கிறது என்பதையும் வெகுநாள் கழித்தே அறிந்தேன். ஹபிள் தொலைநோக்கியைக் குறி தவறாமல் நிறுத்துவதற்கு வழிகாட்டி விண்மீன்களின் பட்டியல் ஒன்று வேண்டியிருந்தது. பழைய வான்படத் தட்டுகளை மின்னணுவாக்கும் வேலை அதற்காகவே தொடங்கியது.

ஓர் இரவு அந்த நிறுவனத்தின் இணையதளத்தில், நமக்கு மிக அருகிலுள்ள விண்மீன்களில் ஒன்றான பார்னார்டு விண்மீனின் பெயரை உள்ளிட்டு, 1950களின் படத்தையும் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பிந்தைய படத்தையும் பெற்றேன். பழைய படத்தில் அந்த விண்மீனே இல்லை. பிழை எங்கே என்று நெடுநேரம் குழம்பிய பிறகுதான், அது ஆண்டுக்கு 10 வில்விநாடிக்கும் மேலாக வடக்கு நோக்கி நகர்வது நினைவுக்கு வந்தது (ஒரு பாகையில் 60 வில்நிமிடம், ஒரு வில்நிமிடத்தில் 60 வில்விநாடி). நான் கேட்டிருந்த 15 வில்நிமிடச் சதுரத்துக்குத் தெற்கே அது அப்போது இருந்திருக்கிறது! பரப்பை 30 வில்நிமிடமாக்கியதும் கீழ்ப்புறத்தில் தென்பட்டது. சுற்றியுள்ள விண்மீன்கள் எல்லாம் அசையாதிருக்க, அது ஒன்று மட்டும் முழுநிலவின் விட்டத்தில் கால்பங்கு அளவு இடம் மாறியிருந்தது. முப்பது ஆண்டுகள் இயற்பியல் கற்பித்த நான், விண்மீனின் தனி இயக்கத்தைக் கண்ணால் கண்டது அன்றுதான்.

* * *

பாலோமர் தட்டுகளைப் பற்றி ஐயா மேலே எழுதியதைப் படித்ததும், வாசகராகிய எனக்குக் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தின் பழம்படங்களைத் தேடிய நாள் நினைவுக்கு வந்தது. சூரியனின் கரும்புள்ளிகளிலிருந்து வாயு வெளிநோக்கிப் பாய்வதை 1909இல் ஜான் எவர்ஷெட் கண்டறிந்த இடம் அது. நூறாண்டுக்கால ஒளிப்படத் தட்டுகளை இந்திய வான் இயற்பியல் நிறுவனம் மின்னணுவாக்கி, நாள்வாரியாகத் திறந்து வைத்திருக்கிறது.

என் தாத்தா பிறந்த ஐப்பசி நாளின் சூரியனைப் பார்க்க விரும்பினேன். அன்றைக்குப் படமில்லை, அடுத்துவந்த பல நாட்களுக்கும் இல்லை. வடகிழக்குப் பருவமழையில் மலையை மேகம் மூடியிருக்க வேண்டும் என்றே எண்ணுகிறேன். ஒருவழியாக அகப்பட்ட முதல் படம் கால்சியம் ஒளியில், அதாவது சூரியனிலுள்ள கால்சியம் வெளியிடும் ஒளியை மட்டும் பிரித்து, எடுத்தது. கரும்புள்ளிகள் இருந்த இடங்களைச் சுற்றி வெண்மை திட்டுத்திட்டாகப் படர்ந்திருந்தது. அதை அம்மாவிடம் காட்டினேன். அந்தத் தேதியில் தாத்தாவுக்கு இருபத்து மூன்று நாள் வயது என்று விரல்விட்டு எண்ணிச் சொன்னார்.