"இது காணும்" எண்டு விடாத ஆக்கள்: திருகோணமலையில நீங்க கண்டவங்களைச் சொல்லுங்கோ

உவர்மலையான்:
அண்ணாட போட் எஞ்சினை திருக்கடலூர்ப் பக்கம் எஞ்சின் திருத்துற ஒரு பாஸிட்ட குடுத்தனாங்க. ஸ்டார்ட் எடுக்கக் கரைச்சல், அவ்வளவுதான் கம்ப்ளைன்ட். மனுசன் பிளக்கை மாத்தி காபரேட்டரைக் கழுவி எஞ்சினைத் தண்ணிப் பரலுக்குள்ள இறக்கி இழுத்தார், ஒரே இழுவையில பிடிச்சிட்டுது. அண்ணா காசை நீட்டுறார், அவர் காசைப் பாக்கவே இல்ல. எஞ்சின்ல சின்ன ஓட்டையால கூலிங் தண்ணி பீச்சுமே, அதையே பாத்துக்கொண்டு நிக்கிறார். "தண்ணி நூலாப் போகுதடா தம்பி" எண்டார். எங்கட கண்ணுக்கு அது எப்பவும் போறமாதிரித்தான் போச்சுது. நிப்பாட்டிப்போட்டு கீழ்ப்பக்கத்தைக் கழட்டி தண்ணி இழுக்கிற ரப்பர் இம்பெல்லரை எடுத்து உள்ளங்கையில வச்சுக் காட்டினார், ஒரு இதழ்ட ஓரம் பிஞ்சு கிடக்குது. உள்ளுக்குத் தண்ணி ஓடுற வழியெல்லாம் உப்பு இறுகி வெள்ளையா. அதைச் சுரண்டி எடுத்து முடிய பொழுதும் பட்டிட்டுது, ரப்பர்ட காசை மட்டும் எடுத்தவர், அந்த வேலைக்குக் கூலி இல்ல.

நாங்க கேக்கேல்லயே, பிறகேன் அண்ணை எண்டு கேட்டன். "கண்டாப் பிறகு எப்பிடியடா மூடுறது" எண்டார், அதுவும் கோவமா. இந்தாளுக்குக் கடையில ஒரு போர்ட் கூட இல்ல. ஆர் பாராட்டப் போறாங்க? இப்பிடி ஆக்களை என்னதான் பிடிச்சுத் தள்ளுது? உங்களுக்குத் தெரிஞ்ச ஆக்களைப் பற்றி எழுதுங்கோ.

கிண்ணியா நானா:
எங்கட உம்மும்மா தயிர் போட்டு விக்கிறவ. எருமைப் பால வத்தக் காய்ச்சி, விரல விட்டா சுடாத பதம் வரும்வரைக்கும் அடுப்படிய விட்டு அசைய மாட்டா, அதுக்குப் பொறவுதான் உறை. காலையில சட்டிய ஒவ்வொண்டாத் தூக்கி மோந்து பாப்பா, சரிச்சுப் பாப்பா, மேல கொஞ்சம் தண்ணி விட்டிருந்தா அந்தச் சட்டி யாவாரத்துக்குப் போகாது, எங்களுக்கு மோர்தான். சின்ன வயசுல நாங்க குடிச்ச மோர் கொஞ்சநஞ்சமில்ல.

ஆனா உம்மும்மாவ பெரிய தவசி எண்டு நினைக்காதீங்க. கதை என்னெண்டா, மூதூர்ல இருந்த அவட மச்சியும் தயிர் போடுறவ. ஒரு கலியாண வீட்டுல ஆரோ அந்த மச்சிட தயிரத்தான் புகழ்ந்திட்டாங்க, உம்மும்மாட தயிரும் அதே பந்தியில இருந்திருக்கு. அவ்வளவுதான், அண்டைக்குப் புடிச்ச எரிச்சல். சுத்தமான பொறாமைதான், அவவே சொல்லிச் சிரிப்பா. மச்சி மவுத்தாகிக் கன காலத்துக்குப் பொறவும் உம்மும்மா சட்டிய மோந்து பாக்கிறத விடல. இனி ஆரோட போட்டி எண்டு வாப்பா கேட்டா, பதிலே வராது.

கணக்கு டீச்சர்:
கிண்ணியா தம்பி சொன்னதில ஒரு விசயம் இருக்கு. தொடக்கி வைக்கிற காரணம் ஒண்டு, பிறகு ஓட வைக்கிறது வேற. பொறாமை, பயம், வறுமை எல்லாம் தொடக்கி வைக்கும். பிறகு கண் பழகிப் போயிடும், பிழை தெரியத் தொடங்கினா அது தெரியாதமாதிரி இருக்க ஏலாது. அந்த பாஸ் கோவப்பட்டதும் அதாலதான் எண்டு நினைக்கிறன்.

என்னட்ட இணைந்த கணிதம் படிச்ச பிள்ளை ஒண்டு, தம்பலகாமத்தில இருந்து பஸ்ஸில வாறது. ஒரு திரிகோண கணித நிறுவலுக்கு முழுப் புள்ளி போட்டுக் குடுத்திட்டன். அடுத்த நாள் அதே கணக்கை வேற தாளில கொண்டு வந்து நிக்குது, ரெண்டு பக்கம் போனதை அரைப் பக்கத்தில முடிச்சிருக்கு. "முந்தினது சுத்தி வளைச்சுப் போனது டீச்சர், வடிவில்ல" எண்டுது. வகுப்பில முதலாம் பிள்ளை அது இல்ல, முதலாம் பிள்ளை புள்ளியைப் பாத்திட்டுத் தாளை மடிச்சு வச்சிடும்.

1973ல அமெரிக்காவில லெப்பர், கிரீன், நிஸ்பெட் எண்ட மூண்டு பேர் நேசரிப் பிள்ளைகளை வச்சு ஒரு ஆய்வு செய்தவங்க. படம் கீற விருப்பமான பிள்ளைகள்ல கொஞ்சப் பேருக்கு, கீறினா பரிசு எண்டு முதலே சொல்லிக் கீற வச்சது. பிறகு சும்மா விளையாட விட்ட நேரத்தில அந்தப் பிள்ளைகள் கீறுறது நல்லாக் குறைஞ்சிட்டுது. சொல்லாமக் கொள்ளாமக் கடைசியில பரிசு கிடைச்ச பிள்ளைகள்ல அப்பிடி இல்ல. இதை வாசிச்சாப் பிறகு "நல்லாச் செய்தா சொக்லட்" எண்டு சொல்லுறதை நான் விட்டிட்டன், திடீரெண்டு குடுக்கிறதுதான்.

துறைமுகத்தான்:
எல்லாரும் பரிசு வேண்டாம் எண்டே கதைக்கிறியள். கிரிக்கெட் முத்தையா முரளிதரனைப் பாருங்கோ. 2010 ஜூலையில காலியில இந்தியாவோட நடந்த மேட்ச், தொடங்கேக்க 792 விக்கெட், இதுதான் என்ட கடைசி டெஸ்ட் எண்டு முதலே சொல்லிப்போட்டார். முதல் இன்னிங்ஸில 5, அடுத்ததில 3, கடைசி ஆளா ஓஜா அவுட், சரியா 800. அந்த நம்பர்ல ஆசை இல்லாமலா? ஆனா ஆசை மட்டும்தான் எண்டா இன்னும் ரெண்டு மேட்ச் ஆறுதலா விளையாடி எடுத்திருக்கலாம்தானே, அதுதான் எனக்கு இண்டைக்கும் விளங்காத இடம்.

மற்றப் பக்கத்தையும் சொல்லோணும். வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் 1971ல பாக்கு நீரிணையைப் போய்த் திரும்பி நீந்தின மனுசன், அதோட நிண்டிருந்தாலும் பேர் நிண்டிருக்கும். 1984ல ஆங்கிலக் கால்வாயை நீந்தப் போய் உயிரே போயிட்டுது. இந்த வெறியைச் சும்மா புகழ்ந்து தள்ளாதீங்கோ, வீட்டுக்காரர் படுற பாடு வேற.

நிலாவெளி ரூம் போய்:
ஆள் பாடுபடுத்துறது எண்டா எனக்கு நல்லாத் தெரியும். நான் சேர்ந்த ஹோட்டல்ல ஒரு சூப்பர்வைசர், பெட்ஷீட் மூலையை மடிச்சுச் செருகுறதில ஒரு சின்ன வீக்கம் தெரிஞ்சாலும் முழுசா உருவிப் போட்டு "திரும்ப" எண்டுவார், வெளியில கெஸ்ட் லக்கேஜோட நிக்கும், அவருக்குக் கவலையில்ல. அந்தாளை மனசுக்குள்ள பேசாத நாள் இல்ல. பயத்திலதான் பழகினது, வேற ஒரு மண்ணாங்கட்டியும் இல்ல. இப்ப நான் வேற இடம், பாக்க ஆளே இல்ல, ஆனா கை தானாப் போகுது, முதல்ல மெத்தையைத் தூக்கி அதுக்கடியில ஷீட்டை இழுத்து, பிறகு மூலை, பிறகு உள்ளங்கையால ஒருக்காத் தடவல். வீட்டில இப்ப மனிசி என்னைப் படுக்கை விரிக்க விடுறேல்ல, நான் விரிச்சு முடியுமட்டும் பிள்ளையள் நிண்டுகொண்டே தூங்குதுகளாம்.