பதினேழு வயதில் ட்ராம்போனுக்கு வந்தவர்: கிறிஸ்டியன் லிண்ட்பெர்க்

ட்ராம்போன் என்ற பித்தளை ஊதுகருவியை நான் கற்கத் தொடங்கியபோது எனக்கு 22 வயது. சாதாரண டெனர் ட்ராம்போனில் அழுத்துவதற்கு விசைகள் கிடையாது. சறுக்குக் குழாயை ஏழு நிலைகளுக்கு நீட்டியும் இழுத்தும் சுரம் பிடிக்க வேண்டும். நிலைகளைக் காட்டக் குழாயின்மீது கோடு எதுவும் இருக்காது. ஓசை வெளிவரும் புனல் வடிவ வாயின் விளிம்பைச் சற்றுத் தாண்டினால் நான்காம் நிலை என்று ஆசிரியர் கையைப் பிடித்துக் காட்டினார். மற்றவற்றைக் காதுதான் சொல்ல வேண்டும். இந்த வயதில் இது நமக்கு வருமா என்று நான் சோர்ந்திருந்தபோது அவர் சொன்ன பெயர்தான் லிண்ட்பெர்க்.

1958இல் ஸ்வீடனில் பிறந்த லிண்ட்பெர்க் முதலில் கற்றது ட்ரம்பெட். அமெரிக்க ட்ராம்போன் கலைஞர் ஜாக் டீகார்டனின் ஜாஸ் இசைத்தட்டுகளில் மனத்தைப் பறிகொடுத்து, 17 வயதில்தான் அவர் ட்ராம்போனைக் கையில் எடுத்தார். மறு ஆண்டே ஸ்டாக்ஹோம் ராயல் இசைக் கல்லூரியில் சேர்ந்தார். 19 வயதில் ராயல் ஸ்வீடிஷ் ஓபராவின் இசைக்குழுவில் இடம் கிடைத்தது. அந்த வேகம் எனக்குத் தெம்பு தந்தது உண்மை. ஆனால், 20 வயதில் தனிக் கலைஞராக வேண்டும் என்று அந்த வேலையை அவர் விட்டுவிட்டார் என்பதுதான் எனக்கு நெடுநாள் விளங்காமல் இருந்தது.

எங்கள் ஊர் அமெச்சூர் இசைக்குழுவில் பேத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியை வாசித்த மாலையில் அது விளங்கியது. முதல் மூன்று பகுதிகளிலும் ட்ராம்போனுக்கு ஒரு சுரம்கூட இல்லை. கருவி குளிர்ந்து சுருதி இறங்கிவிடக் கூடாதே என்று ஓசையெழாமல் அதனுள் மூச்சை விட்டபடி, வயலின்காரர்களின் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான்காம் பகுதியின் தொடக்கத்தில், ஆறிப்போன உதடுகளோடு முழுக் குரலில் சேர வேண்டும். அந்த இடம் மகத்தானது, மறுக்கவில்லை. இருந்தாலும், பேசுவதற்கு நிறைய வைத்திருக்கும் ஓர் இளைஞனுக்கு இப்படிக் காத்திருப்பதிலேயே வாழ்நாள் கழிவது எவ்வளவு பாரமாக இருந்திருக்கும் என்பதை அன்று என் உடம்பே உணர்ந்தது.

வேலையை விட்டபின் அவர் லண்டனிலும் லாஸ் ஏஞ்சலிஸிலும் மேற்கொண்டு பயின்றார். 1981இல் நிக்கானோர் சபலேட்டா இசைப் போட்டியில் வென்றார். ட்ராம்போனை மட்டும் தனியாக வாசித்துப் பிழைப்பது அன்று வழக்கத்திலேயே இல்லாத காரியம் என்பதால், வாசிப்பதற்கான உருப்படிகளும் புதிதாகப் பிறக்க வேண்டியிருந்தது. அவர் முதன்முதலாக மேடையேற்றிய படைப்புகள் 300ஐத் தாண்டுகின்றன.

— — —

மேலே எழுதிய நண்பருக்கு: அவர் மேடையேற்றியவற்றுள் ஒன்றான, இசையமைப்பாளர் யான் சாண்ட்ஸ்ட்ரோமின் மோட்டார்பைக் கன்செர்ட்டோவை (தனிக் கருவியும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) முதன்முறை ஒலிப்பதிவில் கேட்டபோது, எஞ்சின் உறுமி ஏறும் ஓசையை ஒரு சறுக்குக் குழாய் எழுப்புகிறது என்பதை நம்ப முடியாமல் தொடக்கத்தை மூன்று முறை திருப்பிக் கேட்டேன். லிண்ட்பெர்க்குக்குள் இருந்த இசையமைப்பாளர் உருவானது இத்தகைய படைப்புகளுக்குள் வாழ்ந்துதான் என்பது என் கருத்து. மற்றவர்கள் எழுதியதை ஆண்டுக்கணக்கில் வாசித்த பிறகே, 1997இல், ட்ராம்போனுக்கும் தந்திக் கருவிகளுக்குமாக ‘அராபென்’ என்ற படைப்பை அவர் எழுதினார். உங்கள் ஆசிரியரிடம் அதன் ஒலிப்பதிவு இருந்தால் அவசியம் கேட்டுப் பாருங்கள்.