பழமா, பளமா?

(பேச்சொலிகளை ஆராயும் சோதனைகளுக்கு உட்பட்ட மூவர், ஒருவர்பின் ஒருவராகச் சொல்லும் அனுபவங்கள் இவை.)

ஒலியியல் ஆய்வுக்கூடம் என்றதும் பெரிய பெரிய இயந்திரங்களை எதிர்பார்த்துப் போனேன். மேசைமேல் இருந்தவை கரித்தூள், ஆலிவ் எண்ணெய், ஒரு தூரிகை, ஒரு சின்னக் கண்ணாடி. இவ்வளவுதானா என்றிருந்தது.

கரியை எண்ணெயில் குழைத்து என் நாக்கில் பூசினார்கள். ருசி ஒன்றுமில்லை, எச்சில் விழுங்கக் கூடாது என்பதுதான் கொடுமை. பிறகு ஒரே ஒரு சொல்: 'பழம்'. சொன்னதும் வாயைத் திறந்தபடி இருக்க வேண்டும். சூடேற்றிய கண்ணாடியை உள்ளே நுழைத்து (இல்லையென்றால் மூச்சுப்பட்டு மங்கிவிடும்) மேல் அண்ணத்தைப் படம் எடுத்தார்கள். நாக்கு தொட்ட இடமெல்லாம் கரி. பகரமும் மகரமும் உதட்டில் பிறப்பவை. ஆகவே அந்தக் கறை முழுவதும் ழகரத்தின் வேலை.

நான் மதுரைக்காரன். வீட்டில் எல்லோரும் 'வாளைப்பளம்' என்றாலும் நான் மட்டும் சுத்தமாகச் சொல்வதாக நினைப்பு. பேச்சுப்போட்டியில் பரிசு வேறு வாங்கியிருக்கிறேன். படத்தில் அண்ணத்தின் நடுவே குறுக்காக ஒரு கரிப்பட்டை! ழகரத்தில் நாக்கின் ஓரங்கள் பக்கங்களில் படலாம். நுனி நடுவில் நெருங்குமே தவிர ஒட்டாது. அடுத்து 'பள்ளம்' சொல்லி எடுத்த படத்தைப் பக்கத்தில் வைத்தார்கள். இரட்டைப் பிள்ளைகள்.

* * *

நான் அகப்பட்டது அல்ட்ராசவுண்டில். வயிற்றில் வைப்பது போன்ற கருவியைப் பசை தடவித் தாடைக்கு அடியில் வைத்தார்கள். தலை அசையாதிருக்கத் தலைக்கவசம். அரைமணியில் கழுத்து பிடித்துக்கொண்டது. நாக்கின் முதுகு திரையில் வெள்ளைக் கோடாக நெளிவது அழகுதான். ஆனால் ழகரம் வந்ததும் நுனி காணவில்லை. நுனி மேலே வளைய, அடியில் காற்று புகுந்துவிடுகிறது. அந்த ஒலியலை காற்றைத் தாண்டாது. நமக்கு வேண்டிய எழுத்தில்தானா கைவிரிக்க வேண்டும்? 1999-இல் வெளியான ஆய்வில் பேச்சொலி ஆய்வாளர் ஸ்ரீகாந்த் நாராயணன் குழுவினர் ர, ற, ல, ள, ழ ஐந்தையும் ஆராய்ந்தபோது கரிப்பூச்சோடு எம்.ஆர்.ஐ. படங்களையும் நாக்கில் ஒட்டும் உணரிகளையும் சேர்த்துக்கொண்டது ஏன் என்று அன்று புரிந்தது.

* * *

எனக்குப் பேச வேலையே இல்லை, கேட்பதுதான். ஒலி புகாத அறை, காதில் ஹெட்போன், கையருகே இரண்டு பொத்தான்கள். வருவது 'பம்பரம்' என்பதன் முதல் பகரமா, இரண்டாம் பகரமா? எழுத்து ஒன்றே என்று பழகிய எனக்கு முதலில் கேள்வியே விளங்கவில்லை. ஒலியோ முன்னதில் p, பின்னதில் b. ஒன்றிலிருந்து மற்றதற்குப் படிப்படியாக மாறும் ஒலிகளைப் போட்டார்கள். இரு ஓரங்களில் எளிது, நடுவில் ஒரே ஒலிக்கு ஒருமுறை இதையும் மறுமுறை அதையும் அழுத்தியிருக்கிறேன். முடிவில் வரைபடத்தைக் காட்டும்வரை நான் குழம்பியது எனக்கே தெரியாது.