விடுதி மாணவர்களிடம் குடியைப் பற்றி எப்படிப் பேசுவது? உதவுங்கள்

வணக்கம். பொறியியல் கல்லூரி ஒன்றில் விடுதிக் காப்பாளராக இருக்கிறேன். திங்கட்கிழமை காலை மெஸ் வரிசையில் காதில் விழுவதெல்லாம் சனிக்கிழமை இரவுக் கதைதான்: யார் எத்தனை பீர் குடித்தான், யார் படிக்கட்டில் உருண்டான். குடிக்காதவன் வாயே திறப்பதில்லை.

போன வாரம் முதலாண்டுப் பையன் ஒருவன் தட்டிலிருந்த இட்லியைப் பிய்த்துக்கொண்டே, "சார், நான் குடித்ததே இல்லை. ஆனால் நானும் குடிப்பவன்தான் என்று மற்றவர்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன். இந்தச் சனிக்கிழமை கூப்பிடுகிறார்கள்" என்றான். தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்கக்கூடாது என்ற விதியைச் சொன்னால் அவன் தவிப்பு தீருமா?

சக மாணவர்கள் குடிக்கும் அளவை மாணவர்கள் மிகையாகவே எண்ணிக்கொள்கிறார்கள் என்று 1986-இல் அமெரிக்காவில் பெர்கின்ஸ், பெர்கோவிட்ஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் எழுதினார்கள். எங்கள் விடுதியிலும் அதுதான் நடக்கிறது என்று உறுதியாக நம்புகிறேன்.

பெயர் எழுதாத சீட்டில் தாங்கள் குடிக்கும் அளவை உண்மையாக எழுதும்படி மாணவர்களிடம் சொல்லி, அவர்கள் முன்னாலேயே எண்ணிக் காட்டலாம் என்றிருக்கிறேன். இப்படிச் செய்தவர்கள் இருந்தால், கேள்வியை எப்படி அமைத்தீர்கள் என்று தயவுசெய்து சொல்லுங்கள். குடிக்காத சீனியர் ஒருவரைப் பேசவைத்தால் பலன் இருக்குமா? சனிக்கிழமைக்குள் அந்தப் பையனுக்கு நான் பதில் சொல்லியாக வேண்டும்.