பழைய ஆம்பில் கரகரப்பு: வால்யூம் பாட்டா, ரிலேயா?

வெண்கலக்குரல்:
1970-களின் ஜப்பானிய இன்டகிரேட்டட் ஆம்ப் (ப்ரீஆம்பும் பவர் ஆம்பும் ஒரே பெட்டியில்), செகண்ட் ஹேண்ட். தொல்லை மூன்று. வால்யூமைத் திருகினால் கரகரக்கிறது, வலது பக்கம் அதிகம். சத்தம் குறைவாக வைத்தால் இடது ஸ்பீக்கர் மங்கி, சில நேரம் அடங்கியே போகிறது. ஏற்றினால் பட்டென்று வந்துவிடுகிறது. பின்னால் ஆர்.சி.ஏ. கேபிளை (சிக்னல் வரும் கேபிள்) அசைத்தால் ஹம், அதாவது ‘ம்ம்’ என்ற இரைச்சல். டபிள்யூ.டி.-40 ஸ்ப்ரே அடித்தால் போதும் என்கிறார்கள். சால்டரிங் அயர்ன், மல்டிமீட்டர் இருக்கிறது. எங்கே தொடங்குவது?

கரகரப்பிரியன்:
அந்த டப்பாவைக் கதவுக் கீலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். சாதா டபிள்யூ.டி.-40 எண்ணெய்ப் படலத்தை விட்டுப்போகும், அதில் தூசி அப்பும். வால்யூம் பாட்டுக்கு (குமிழுக்குப் பின்னால் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டர்) டீஆக்ஸிட் டி5 மாதிரி காண்டாக்ட் கிளீனர் ஒன்று வேண்டும். வெறும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் அழுக்கோடு மசகையும் கழுவிவிடும். கொஞ்ச நாளில் பாட் வறண்டு உரசும்.

மூடியைக் கழற்றுமுன் பிளக்கைப் பிடுங்குங்கள். பெரிய ஃபில்டர் கெப்பாசிட்டர்களில் 40, 50 வோல்ட் நிற்கும். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்யாதீர்கள். 1 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரை ஒவ்வொன்றின் குறுக்கேயும் ஒரு நிமிடம் பிடித்துவிட்டு, 2 வோல்ட்டுக்குக் கீழே வந்ததா என்று மீட்டரில் பாருங்கள்.

பாட்டின் கால்களுக்கு அருகே ஒரு சந்து தெரியும். அதில் ஒரு நொடி ஸ்ப்ரே போதும், முன்னால் தண்டுப் பக்கம் வேண்டாம். அங்கே இருக்கும் கெட்டி கிரீஸ் கரைந்து உள்ளே இறங்கும். முழுச் சுற்றாக 30, 40 தடவை திருகி, ஒரு மணி நேரம் காயவிடுங்கள். டேப் மானிட்டர் ஸ்விட்சுக்கும் (டேப் டெக்கிலிருந்து வரும் ஒலிக்கு மாற்றுவது) இதே வைத்தியம். யாரும் தொடாமலே கிடக்கும் ஸ்விட்ச் அது, பாதி கேஸ்களில் திருடன் அதுதான். பின்னால் ப்ரீ அவுட், மெயின் இன் இரண்டையும் இணைக்கும் யூ வடிவக் கம்பிகள் இருந்தால் கழற்றித் துடைத்து மாட்டுங்கள்.

ஈயப்பொட்டு:
இடது பக்கம் அடங்குவது பாட் இல்லை, ஸ்பீக்கர் ரிலே, அதாவது ஆம்பையும் ஸ்பீக்கரையும் இணைக்கும் மின்காந்த ஸ்விட்ச். காண்டாக்டில் ஆக்சைடு படிந்தால் சிறு சிக்னல் அதைத் தாண்டாது, வால்யூம் ஏறினால் வோல்ட்டேஜ் அந்தப் படலத்தை உடைத்துக்கொண்டு போகும். உறுதி செய்ய, பாடல் ஓடும்போது ரிலே காண்டாக்டின் இரு முனைக்கும் நடுவே ஏ.சி. வோல்ட் பாருங்கள். ஏறக்குறைய பூஜ்யம் வரவேண்டும். புரோபு நழுவினால் அவுட்புட் டிரான்சிஸ்டர் போய்விடும், கவனம்.

கேபிள் ஹம்முக்கு சாக்கெட்டின் பின் ஈயத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள். காலைச் சுற்றி மோதிரம் போல விரிசல் தெரியும். மேலேயே ஈயம் பூசாமல், பழையதை சால்டர் விக்கில் (ஈயம் உறிஞ்சும் செம்புப் பின்னல்) உறிஞ்சி எடுத்து, ஃப்ளக்ஸ் தடவி, 60/40 ஈயத்தில் 350 டிகிரியில் 2, 3 நொடி. ரிவெட் அடித்த சாக்கெட்டானால் எர்த் தகடும் வெளி வளையமும் சேருமிடத்தில் துரு இருக்கும். இரண்டையும் சிறு கம்பியால் பாலம் போட்டு விடுங்கள்.

மின்விசிறி மூர்த்தி:
ரிலேவை எமரித்தாளால் தேய்க்கலாமே? நாலு இழுப்பில் பளபளவென்று ஆகிவிடும்.

ஈயப்பொட்டு:
வேண்டாம் அண்ணா, வெள்ளி உரிந்துவிடும். விசிட்டிங் கார்டிலிருந்து மெல்லிய துண்டு வெட்டி, 99% ஐசோபுரோப்பைலில் நனைத்து, ஆர்மேச்சரை (ரிலேயின் அசையும் தகடு) விரலால் அழுத்திக்கொண்டு நாலைந்து தரம் இழுத்தால் கறுப்பு வந்துவிடும். குழி விழுந்திருந்தால் புது ரிலேதான். காயில் வோல்ட்டும் கால் அமைப்பும் ஒத்துப்போக வேண்டும்; பெரும்பாலும் 24 வோல்ட்.

வெண்கலக்குரல்:
ரிலே, சாக்கெட் இரண்டும் சரி. இடது வால்யூமும் சுத்தம். வலது மட்டும் இன்னும் கரகரக்கிறது. இரண்டு தடவை கிளீனர் அடித்தாயிற்று.

கரகரப்பிரியன்:
மூன்றாவது வேண்டாம். வால்யூம் பாட்டில் டி.சி. (நேர் மின்சாரம்) ஏறியிருக்கும். வால்யூமைப் பாதியில் வைத்து, எர்த்துக்கும் பாட்டின் மேல்காலுக்கும் (சிக்னல் உள்ளே வரும் கால்), பிறகு எர்த்துக்கும் நடுக்காலுக்கும் (வெளியே போகும் கால்) மில்லிவோல்ட் அளந்து சொல்லுங்கள்.

வெண்கலக்குரல்:
வலது மேல்கால் 180, நடுக்கால் 25. இடது இரண்டுமே 3-க்குள்.

கரகரப்பிரியன்:
மேலே அதிகம், நடுவில் குறைவு என்றால் பாட்டுக்கு முன்னால் உள்ள கப்ளிங் கெப்பாசிட்டர் (ஒலியை விட்டு டி.சி.யைத் தடுப்பது) கசிகிறது. பின்னால் உள்ளது கசிந்தால் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டியிருக்கும். அதே மைக்ரோஃபாரட், வோல்ட் அதே அல்லது கூடுதல், பிளஸ் மைனஸ் பார்த்துப் போடுங்கள். இடதையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள், வயது ஒன்றுதான். மேல்காலில் சில மில்லிவோல்ட்டுக்கு இறங்கிய பிறகும் கரகரத்தால் கார்பன் தடமே தேய்ந்துவிட்டது. அதே ஓம், லாக் வகை (லாகரிதமிக், வால்யூமுக்கு உரியது), இரட்டை பாட் (இரு பக்கத்துக்கும் ஒரே தண்டு) வாங்கவேண்டியதுதான். கால் இடைவெளியை அளந்துகொண்டு போங்கள்.