எடவப்பாதி மழ வருது, பிளாஸ்டிக் பாக்கெட் இல்லாம கடைய எப்படி ஓட்டுறது?

களியக்காவிளை கடைக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். கேரள எல்லையில உள்ள களியக்காவிளையில ஒத்த ஷட்டர்ல ஒரு சின்ன இயற்கை உணவுக் கடை வச்சிருக்கேன், தொடங்கி ரெண்டு வருஷம் ஆவுது. சிறுதானியம், கைக்குத்தல் அரிசி, கருப்பட்டி, தேன், செக்கு எண்ணெய், நல்லமிளகு, கிராம்பு, அண்டிப்பருப்பு (முந்திரி), மட்டிப்பழக் குலை கிடைச்சா அதுவும். வாற ஆளுகள்ல பாதி நம்ம பக்கம், பாதி கேரளத்துல பாறசாலை நெய்யாற்றின்கரை. முதல் நாள்லேர்ந்தே பிளாஸ்டிக் பாக்கெட் வேண்டாம்னு முடிவு பண்ணி, டப்பாவோ தூக்குவாளியோ கொண்டு வாங்க, முதல்ல வெறும் பாத்திரத்த தராசுல வச்சு டேர் போட்டுட்டு சாமான் போட்டுத் தாறேன், இல்லன்னா காகிதப் பொட்டலம், இப்படித்தான் ஓடுது. நம்ம ஊர்ல 2019 ஜனவரி 1லயும் அந்தப்பக்கம் 2020 ஜனவரி 1லயும் தடை வந்தாச்சு, ஆனா பக்கத்து கடையில இப்பவும் கவர் கேட்டா கீழ குனிஞ்சு எடுத்துக் குடுக்கத்தான் செய்யுதாங்க, அது வேற கதை.

வெயில் காலத்துல ஒரு கொறையும் இல்ல. மழ தொடங்குனாத்தான் எனக்கு நெஞ்சு படபடங்குது. போன வருஷம் ஓலைப்பெட்டியில அடுக்கி வச்சிருந்த கருப்பட்டி ஒழுகி அடியில பாகா நின்னுது, எறும்பு செவுத்துல ரோடு போட்டுட்டு, 18 கிலோ நட்டம். கம்பு மாவு ரெண்டு வாரத்துல கசந்து போச்சு, அவலு நமுத்துட்டு. தேன் அடியில கட்டியா உறைஞ்சுது, ஒரு அம்மா குப்பிய கொண்டு வந்து மேசையில டொக்குன்னு வச்சு "சீனிப்பாக தேன்னு வித்தியே பிள்ளே"ன்னு நாலு பேரு நிக்கும்போ சத்தம் போட்டாங்க, அன்னைக்கு நான் ஷட்டர சாத்திட்டு அழுதேன், சும்மா சொல்லல.

இப்போ ஒரு ஏஜெண்டு மக்கிப்போற கவர்னு சொல்லி சாம்பிள் தந்துட்டு போயிருக்காரு, சோளத்துல செஞ்சதாம். அதுல போட்டு சீல் வச்சிரலாமா? அப்புறம் மாசாமாசம் வாட்ஸப்புல "இந்த மாசம் கடையில என்ன வந்திருக்கு"ன்னு அனுப்புதேன், எல்லாரும் கட்டைவிரல் போடுதாங்க, வாங்க யாரும் வாறது இல்ல. அதையும் எப்படி எழுதுறதுன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பனங்காட்டு மருமகன்:

அக்கா, எனக்க மாமனாரு பனையேறுற ஆளு, அதனால கருப்பட்டிக்கு மட்டும் நான் பதில் சொல்லுதேன். ஒழுகுனது உங்க தப்பு இல்ல, நல்ல கருப்பட்டி காத்துல உள்ள ஈரத்த இழுக்கத்தான் செய்யும். எங்க அனுபவத்துல சீனி கலந்ததுதான் மழையிலயும் கல்லு மாதிரி நிக்கும், வாயில போட்டா சுருக்குனு இனிக்கும், கரிப்பு இருக்காது. அக்கானி, அதான் பதநீர், எட்டு பத்து லிட்டர் காய்ச்சுனாத்தான் ஒரு கிலோ கிட்ட கருப்பட்டி தேறும், கூட விறகு, கலயத்துக்கு உள்ள தடவ சுண்ணாம்பு, காலையும் சாயங்காலமும் மரம் ஏத்தம், இதெல்லாம் கணக்குப் போட்டா சீனி விலைக்கு கொஞ்சம் மேல குடுக்குதவன்ட்ட என்ன இருக்கும்னு நீங்களே பாத்துக்கிடுங்க.

எங்க வீட்டுல அடுக்களைப் பரண்ல, அடுப்புக்கு நேர மேல வைப்போம். புகையும் சூடும் படப்பட மேல ஒரு கறுத்த தோல் மாதிரி பிடிச்சிரும், அடுத்த பங்குனி வரைக்கும் அசையாது, பழைய கருப்பட்டின்னு அதுக்குத்தான் மவுசு ஜாஸ்தி. பிள்ள பெத்தவளுக்கு குடுக்க அதத்தான் தேடி வருவாங்க. உங்களுக்கு கடையில அடுப்பு கிடையாதே, அதனால மழைக்கு முன்னாடி மொத்தமா வாங்கி அடுக்காதீங்க. ஒரு வாரத்துக்கு உள்ளத மட்டும் எடுங்க, மிச்சம் காய்ச்சுத வீட்டுப் பரண்லயே கெடக்கட்டும், பணம் அட்வான்ஸ் குடுத்து வச்சிட்டா போதும். கடையில உள்ளத காஞ்ச பனையோலையில பொதிஞ்சு, மூடி இறுக்கமான பரணி (ஜாடி) இல்லன்னா தகர டின்னுல வைங்க. திறந்த ஓலைப்பெட்டி மாசிக்கும் பங்குனிக்கும் சரி, ஆனிக்கு ஆவாது.

ஒழுகுனத தூரப் போட்டீங்களா? ஐயோ. ஒரு கொதி விட்டு வடிகட்டி, சுக்கும் நல்லமிளகும் தட்டிப்போட்டு பாகா குப்பியில விட்டிருந்தா மழைக்காலத்துல காப்பிக்கு அதுதான் முதல்ல வித்துப் போயிருக்கும்.

தேன்பெட்டி மார்த்தாண்டம்:

அந்த அம்மா சத்தம் போட்டத வாசிச்சதும் எனக்கு வயிறு எரிஞ்சுது, ஏன்னா இதே பேச்ச நாங்க முப்பது வருஷமா கேட்டுட்டு இருக்கோம்.

நம்ம பக்கம் தேன்ல பெரும்பங்கு ரப்பர் தேன். ரப்பருக்கு பூவுலேர்ந்து இல்ல, தளிர் இலையில, மூணு இலையும் காம்புல சேர்ற இடத்துல சின்னதா முடிச்சு மாதிரி இருக்கும் பாருங்க, அதுலேர்ந்துதான் ஈ குடிக்குற இனிப்பு நீரு சுரக்கும். மார்கழி தையில இலை உதிர்ந்து மாசி பங்குனியில தளிர் விடும்போதான் எங்களுக்கு சீசன். இந்தத் தேன் சீக்கிரம் உறையும், அதுக்க குணமே அதுதான், குளுக்கோஸ் அடியில பரல் பரலா கட்டும். இளஞ்சூட்டுத் தண்ணியில, கை வச்சா பொறுக்குற சூடு, குப்பிய ஒரு அரை மணி நேரம் நிறுத்துனா திரும்ப இளகிரும். அடுப்புல வச்சு கொதிக்க விட்டுராதீங்க. தண்ணியில ஒரு சொட்டு விட்டுப் பாக்குறது, தீக்குச்சியில முக்கி கொளுத்துறது, எறும்பு வருதா நாய் நக்குதான்னு பாக்குறது இதெல்லாம் வேலைக்கு ஆவாது, கெட்டியா காய்ச்சுன பாகும் அந்த பரீட்சை எல்லாத்துலயும் பாஸ் ஆயிரும்.

நீங்க பாக்க வேண்டியது வேற. ஆனி ஆடி ஆவணியில ஒருத்தன் வந்து "இப்போ எடுத்த புதுத்தேன்"னு சொன்னா வாங்காதீங்க. அந்த மாசங்கள்ல தேனீக்கே தீனி கிடையாது, பெட்டிய காப்பாத்த நாங்களே சீனிப்பாகு வச்சுக் குடுப்போம், அத ஒளிச்சு வைக்க ஒண்ணும் இல்ல, எல்லா வளப்புக்காரனும் செய்யுறதுதான். அந்த நேரம் எடுக்குற தேன்ல என்ன இருக்கும்னு சொல்லணுமா. அதே மாதிரி தேனடைய ஈ மெழுகால முழுசா மூடுறதுக்கு முன்ன அவசரப்பட்டு எடுத்த தேன்ல தண்ணி கூடுதலா இருக்கும், மழையில நுரைச்சு மூடிய தள்ளும், புளிச்ச வாடை வரும். உறைஞ்சத நம்பலாம், நுரைச்சத நம்பாதீங்க. குப்பியில "மாசி எடுத்தது"ன்னு மாசத்த எழுதி ஒட்டுங்க, பாதி சண்டை அதுல தீரும்.

1920கள்ல ஹாட்ச்னு ஒரு அமெரிக்க சாயிப்பு ஒய்எம்சிஏ வழியா இங்க பெட்டியில ஈ வளக்கப் படிச்சுக் குடுத்த ஊரு இது, தேன் உறையுறத பாத்து இங்க உள்ளவனே சண்டைக்கு வந்தா என்ன செய்ய.

ஆனமலை அடிவாரம்:

வணக்கம்ங்க. நாங்க பொள்ளாச்சிப் பக்கம், கோபாலபுரம் தாண்டுனா பாலக்காடு ஜில்லா, அதனால உங்க மாதிரியே ரெண்டு ஊர் கஸ்டமர்தானுங்க. அந்த கவர் விசயம் மட்டும் கொஞ்சம் யோசிச்சுப் பண்ணுங்க. மக்கும் கவர் விக்கிறவங்க மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரிய சர்ட்டிபிகேட் வச்சிருக்கோணும், மொதல்ல அதைக் கேளுங்க, பாதிப்பேரு அதோட போனை எடுக்க மாட்டாங்க. சர்ட்டிபிகேட் இருந்தாலும் அது பெரிய உரக்கிடங்குல நல்ல சூட்டுல மக்குறதுக்குத்தானுங்க, நம்ம தோட்டத்துல புதைச்சா நாள்பட அப்படியே கெடக்கும். நான் ஒண்ணை தென்னை மரத்தடியில போட்டு எட்டு மாசம் கழிச்சு தோண்டிப் பார்த்தேன், அதுல அச்சடிச்ச எழுத்தைக்கூட படிக்க முடிஞ்சுதுங்க.

இன்னொண்ணு, துணி மாதிரியே இருக்குமே, கலர் கலரா கைப்பிடி வச்சு, ஜவுளிக்கடையில குடுப்பாங்களே, அது துணியே இல்லைங்க, பாலிப்ரொப்பிலீன். தமிழ்நாட்டு தடை லிஸ்ட்ல அதுவும் இருக்குதுங்க. தெரியாம வாங்கி அடுக்கிராதீங்க.

எண்ணெயில கவனமா இருங்க. டப்பா கொண்டு வாங்க ஊத்தித் தரேன்னு சொல்றது கேக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா சில்லறையில எண்ணெயை லூசா விக்கிறதுக்கு 2011 உணவுப் பாதுகாப்பு விதியிலயே தடை இருக்குதுங்க, மாநில அரசு தனியா விலக்கு குடுத்திருந்தாத்தான் ஆகும். நாங்க கண்ணாடி பாட்டில்ல சீல் போட்டு லேபிள் ஒட்டித்தான் தர்றோம், பாட்டிலுக்கு முப்பது ரூபா டெபாசிட், காலி பாட்டிலைத் திருப்பிக் குடுத்தா காசை வாங்கிக்கலாம். அதே மாதிரி போர்டுல "ஆர்கானிக்"னு எழுதியிருந்தா அதுக்கும் சான்று கேப்பாங்க, விவசாயி தானே நேரா விக்கிறதுக்கு இருக்கிற சலுகை கடைக்காரருக்கு இல்லைங்க. இன்ன ஊர், இன்ன மாசம் அறுத்ததுன்னு எழுதிட்டுப் போயிருங்க.

கம்பு மாவு ஸ்டாக்கே வைக்காதீங்க. கம்புல எண்ணெய்ச்சத்து ஜாஸ்தி, அரைச்ச நாள்ல இருந்தே கசக்க ஆரம்பிக்கும். முழுக் கம்பா வைங்க, கேட்டா பக்கத்து மில்லுல அரைச்சுக் குடுங்க.

ஏழே முக்கால் பஸ்:

எல்லாரும் நல்லா சொல்லுதீங்க, வாங்குற ஆளு பக்கத்துலேர்ந்தும் ஒண்ணு சொல்லட்டா. நான் தினமும் திருவனந்தபுரம் போய்வாற ஆளு, காலைல ஆறு மணிக்கு வீட்டுலேர்ந்து இறங்கும்போ சாயங்காலம் அரைக் கிலோ தினை வாங்கணும்னு நினைச்சு ஸ்டீல் டப்பா எடுத்துட்டு போவ முடியுமா? பையில சோத்துப் பாத்திரம், குடை, பிள்ளைக்கு வாங்குன நோட்டு, அதுல டப்பாவுக்கு எங்க இடம். டப்பா இல்லன்னா காகிதப் பொட்டலம், ஜூன் மாச மழையில பஸ்லேர்ந்து இறங்கி வீடு போய்ச் சேரதுக்குள்ள அது கஞ்சி ஆயிரும். ஒரு தடவ எனக்கு வரகரிசி முழுசும் ஓடையில போச்சு. அதோட நீங்க எட்டு மணிக்கு கடைய அடைக்கிறீங்க, எனக்க பஸ் வாறது எட்டே கால். பூமிய காப்பாத்துற வேலை வீட்டுல சும்மா இருக்குற ஆளுகளுக்கு மட்டும்தான் போல.

களியக்காவிளை கடைக்காரி:

சிஸ்டர், கோவம் நியாயம்தான். ஒண்ணு செய்யலாம்னு தோணுது, கடையிலயே ஒரு அம்பது ஸ்டீல் டப்பா வாங்கி நம்பர் குத்தி வைக்கேன், டெபாசிட் கட்டி எடுத்துட்டு போங்க, அடுத்த தடவ காலி டப்பா தந்துட்டு நிறைஞ்சத எடுங்க, காஸ் சிலிண்டர் மாத்துற மாதிரி. ஒரு நாள் மறந்தாலும் பரவாயில்ல. மழைக்கு டப்பாதான் சரி. நேரத்த எட்டரை ஆக்குதேன்.

பொள்ளாச்சி அண்ணே, எண்ணெய் விசயம் எனக்கு சத்தியமா தெரியாது, நாளைக்கே அந்த டிரம்ம உள்ள தூக்கி வச்சிருதேன். ரொம்ப நன்றி.

புளியரைக்காரன்:

கடைசியா கேட்டதுக்கு யாருமே பதில் சொல்லலியே. நீங்க அனுப்புத மெசேஜ்ல ஒண்ண இங்க போட்டா பாக்கலாம். எப்படியும் "உடல் நலத்திற்கு உகந்த"ன்னு தொடங்கி இருவது சாமான் பேரும் ரோசாப்பூ படமும் இருக்கும், சரிதானா? எங்க ஆச்சி சந்தைக்குப் போயிட்டு வந்தா என்ன இருக்குன்னு சொல்ல மாட்டா, என்ன முடிஞ்சிட்டு, என்ன இனி ருசிக்காதுன்னுதான் முதல்ல சொல்லுவா, எல்லாரும் காத கொடுத்துக் கேப்பாவ. எது இல்ல, ஏன் இல்ல, எப்ப வரும், அத எழுதுங்க. இல்லங்குறத சொல்லுத கடக்காரங்கள நம்பி வருவாவ.

பருப்பு வண்டு பிடிக்காம இருக்க துவரைய செம்மண் பூசிக் காயப்போட்டதா பாத்து வாங்குங்க, எங்க பக்கம் இன்னும் கிடைக்கி. சக்கக்கொட்டைக்கும் (பலாக்கொட்டை) அந்தச் செம்மண்ணே போதும்.

களியக்காவிளை கடைக்காரி:

ரோசாப்பூ இல்ல அண்ணாச்சி, தாமரைப்பூ. இப்போ எழுதிப் பாத்தேன், சரியா இருக்கான்னு சொல்லுங்க:

"ஆனி மாசம். கருப்பட்டி இதோட கடைசிக் காய்ச்சல், கிழமைக்கு பத்து கிலோதான் கடைக்கு வரும். தேன் மாசியில எடுத்தது, அடியில உறைஞ்சிருக்கும், அது கேடு இல்ல, வந்தா இளக்கித் தாறேன். கம்பு மாவு கிடையாது, கம்பு உண்டு, முதல் நாள் சொன்னா அரைச்சு வைப்பேன். சக்கை இனி எடுக்கல, மழ குடிச்ச சக்கை வெறும் தண்ணி. அரிசி கும்பப்பூ போகம் அறுப்புல உள்ளது, அடுத்தது கன்னிப்பூ போகம் அறுத்தாத்தான். ஆடிக்கு, அந்தப்பக்கம் கர்க்கிடக மருந்துக் கஞ்சிக்கு, ஞவர அரிசி வேணும்கிறவங்க இந்த மாசம் இருவதுக்குள்ள எத்தனை கிலோன்னு சொல்லிருங்க, சொன்ன அளவுதான் எடுப்பேன். எண்ணெய் இனி சீல் வச்ச குப்பியில மட்டும். டப்பா இல்லாம வாறவங்களுக்கு கடை டப்பா உண்டு."

தேன்பெட்டி மார்த்தாண்டம்:

தேனப் பத்துன வரி நல்லாருக்கு. அத அப்படியே எனக்க குப்பியிலயும் ஒட்டலாம் போலிருக்கு.

பனங்காட்டு மருமகன்:

அக்கா, "கடைசிக் காய்ச்சல்"னு இப்பவே போட்டு அனுப்பிராதீங்க. மாமனாரு இப்பத்தான் வானத்த பாத்துட்டு வந்தாரு, மழ பிந்துனா இன்னும் பத்து நாள் ஏறுவாராம்.